இட்லிப்பூவும் சுண்ணாம்பும்: புதிதாக வளர்ப்பவர்களுக்கு

நர்சரியிலிருந்து வந்த அன்று கரும்பச்சை இலையும் கொத்துக் கொத்தாய்ச் சிவப்புப் பூவுமாய் இருந்த செடி, ஆறே மாதத்தில் வெளிறிப் போகும். நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும், இலையின் மற்ற பாகமெல்லாம் எலுமிச்சை மஞ்சள். பூ நின்றுவிடும். உரம் போதவில்லை போலிருக்கிறது என்று சாணம், முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல் என வீட்டில் இருப்பதையெல்லாம் போடுவார்கள். செடி இன்னும் மஞ்சளாகும். மொட்டைமாடித் தோட்டங்களில் இட்லிப்பூவின் கதை பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது.

செடி பட்டினி கிடப்பதில்லை. மண்ணில் இரும்புச் சத்து இருக்கிறது, வேரால்தான் அதை எடுக்க முடியவில்லை. தடுப்பது சுண்ணாம்பு. போர் தண்ணீரில் வருவதும், சுவர்ப் பூச்சிலிருந்து இறங்குவதும், நாம் அன்போடு போடும் முட்டை ஓட்டில் இருப்பதும் அதுதான். இட்லிப்பூ காப்பிச் செடியின் குடும்பம். இரண்டுமே கொஞ்சம் புளிப்பான மண்ணில்தான் செழிக்கும். கார அமில எண் (பி.எச்.) 5.5-லிருந்து 6.5-க்குள் இருந்தால் நல்லது. 7-ஐத் தாண்டி மண் காரமானால் இரும்பும் மாங்கனீசும் மண்ணிலேயே கெட்டிப்பட்டுக் கரையாமல் போய்விடும். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றப் பராமரிப்பெல்லாம் சுலபம்.

எந்த இட்லிப்பூ?

ஊருக்கு ஒரு பெயர் இதற்கு. நம் பழைய பெயர் வெட்சி. ஆநிரை கவரப் போன வீரர்கள் சூடிய பூ, புறத்திணை ஒன்றுக்கே பெயர் கொடுத்த பூ. குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் தெச்சி, செத்தி என்பார்கள். நர்சரிப் பலகையில் 'இக்ஸோரா' என்று இருக்கும். 1753-இல் லின்னேயஸ் வைத்த பெயர் அது. ஈஸ்வரன் என்ற சொல்லைப் போர்த்துகீசியர் உச்சரித்த விதத்திலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் சொந்த ஊர் என்பதால் நம் வெயிலும் மழையும் இதற்குப் பழக்கமானவை. பழக்கமில்லாதது நம் சிமெண்டுதான்.

கடையில் கிடைப்பவற்றை வளர்ப்பவர் கண்ணோட்டத்தில் மூன்றாகப் பிரிக்கலாம்.

நாட்டு வெட்சி ஆறு முதல் எட்டு அடி வரை வளரும். இலைக்குக் காம்பு இல்லாததுபோலவே இருக்கும், இலையின் அடிப்பகுதி தண்டைக் கட்டிக்கொண்டு நிற்கும். இதழ் நுனி கூர்மை. காய் பிடித்துக் கருஞ்சிவப்பாகப் பழுக்கும், கொண்டைக்குருவிகள் தேடி வரும். தரையில் வைக்க இதுதான் சரி.

சீன வெட்சிக்கு இலையில் குட்டையான காம்பு உண்டு, இதழ் நுனி மழுங்கி வட்டமாக இருக்கும். 'சூப்பர் கிங்' போன்ற பெரிய கொத்து விடும் கலப்பினங்களையும் பராமரிப்பில் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். 12 அங்குலத் தொட்டியிலிருந்து ஆரம்பித்து, பிறகு 16 அங்குலத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

மூன்றாவது, சிங்கப்பூர் இட்லிப்பூ அல்லது மினி இக்ஸோரா என்று விற்கும் குட்டை ரகம். இரண்டு மூன்று அடிக்கு மேல் போகாது, இலை சின்னதாய் நெருக்கமாய் இருக்கும். முதல் செடியாக இதை வாங்குங்கள். பால்கனிக்கு அடங்கும், குட்டையிலேயே பூக்கும், தப்பாக வெட்டினாலும் சீக்கிரம் தேறிவிடும்.

வாசனை வேண்டுமென்றால் வெள்ளை இட்லிப்பூ உண்டு. ஆனால் அது ஆள் உயரத்தைத் தாண்டும் பெருஞ்செடி, தொட்டியில் அடைத்து வைத்தால் வருத்தம்தான் மிஞ்சும்.

நர்சரியில் பார்க்க வேண்டியவை

பூவைப் பார்த்து வாங்காதீர்கள். பூ ஏற்கெனவே விரிந்த செடி வண்டியில் வரும்போதே பாதியைக் கொட்டிவிடும். மொட்டு நிலையில் இருக்கும் செடியை எடுங்கள். இட்லிப்பூ மொட்டுக் கொத்து பார்க்க ஒரு பிடி தீக்குச்சியைச் சேர்த்துக் குத்தி வைத்ததுபோல இருக்கும். ஒவ்வொரு குச்சியும் ஒன்றரை அங்குல மெல்லிய குழாய், நுனியில் மட்டும் திருகிய கூர்முனை. அந்த முனை பிரிந்து நான்கு இதழாகும். குழாயின் அடியில் ஒரு சொட்டுத் தேன் இருக்கும். சின்ன வயதில் பூவைப் பிடுங்கி அடியை உறிஞ்சியவர்களுக்குத் தெரியும்.

பிறகு இளந்தளிரைப் பாருங்கள். இப்போதுதான் விரிந்த இலைகள் செம்பு நிறமாகவோ பளிச்சென்ற இளம்பச்சையாகவோ இருக்கலாம். மஞ்சளில் பச்சை நரம்பு ஓடினால் வேண்டாம். இலைக்காம்பும் தண்டும் சேரும் மூலையில் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளையாக ஏதாவது இருந்தாலும் வேண்டாம், அது மாவுப்பூச்சி. கடைசியாக, கவரின் அடியைத் தூக்கிப் பாருங்கள். விரல் தடிமனுக்கு வேர் வெளியே வந்து தரையில் இறங்கியிருந்தால் அந்தச் செடி ரொம்ப நாளாக விற்காமல் நிற்கிறது. பிடுங்கும்போது வேர் அறுந்து, வீட்டுக்கு வந்ததும் இலை கொட்டும்.

நம் ஊர் நர்சரிகளுக்குச் செடி பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வருகிறது, குறிப்பாக ஆந்திரத்தில் ராஜமுந்திரி அருகிலுள்ள கடியம் பக்கமிருந்து. லாரியில் உடையாமல் வர வேண்டும் என்று வேரைக் களிமண்ணில் உருட்டிக் கட்டியிருப்பார்கள். அந்த உருண்டையை அப்படியே தொட்டியில் இறக்கினால் சுற்றியுள்ள மண் ஈரமாகவும் உருண்டைக்குள் கல்லுபோலக் காய்ந்தும் கிடக்கும். தினமும் தண்ணீர் ஊற்றியும் புதுச்செடி வாடுவதற்கு இதுவே பெரிய காரணம். இதற்கான வழி கீழே நடும் படிகளில் இருக்கிறது.

முதலில் தண்ணீரைப் பாருங்கள், பிறகு மண்ணை

வெந்நீர்க் கெட்டிலின் அடியில் வெள்ளைப் படலம் கட்டுகிறதா? வாளியின் விளிம்பில் வெள்ளைக் கோடு விழுகிறதா? அப்படியானால் உங்கள் தண்ணீரில் சுண்ணாம்பு கரைந்து வருகிறது. அதையே தினம் ஊற்றினால், எவ்வளவு நல்ல மண் கலவையில் வைத்தாலும் சில மாதங்களில் தொட்டி மண் காரமாகிவிடும். தொட்டியின் வாயிலும் அடித் துளையிலும் வெள்ளையாகப் பூத்து நிற்பது அதுதான்.

வீட்டில் சாஃப்ட்னர் வைத்திருப்பவர்கள் 'எங்கள் தண்ணீர் மென்னீர்' என்று நம்பி ஊற்றுவார்கள். உப்புப் போட்டு ஓடும் அந்த இயந்திரம் சுண்ணாம்பை எடுத்துவிட்டுச் சோடியத்தைக் கொடுக்கிறது. காரத்தன்மை அப்படியே இருக்கும், கூடவே உப்பும் சேரும். செடிக்கு இது போர் தண்ணீரைவிடக் கெடுதல். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீர் இன்னும் மோசம், எடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதை வீணாக்க மனம் வராமல் செடிக்கு ஊற்றுவது பழக்கமாகிவிட்டது. தரை கழுவுங்கள், கழிவறைக்கு ஊற்றுங்கள், இட்லிப்பூவுக்கு மட்டும் வேண்டாம்.

நல்லது எது? மழைநீருக்கு இணை இல்லை. அடுத்தது ஏசி இயந்திரம் சொட்டும் தண்ணீர். அதில் சுண்ணாம்பு இல்லை. புழுக்கமான கடலோர ஊர்களில் ஒரே இரவில் ஒரு வாளி சேரும். குழாயைத் திருப்பி ஒரு கேனில் விட்டால் போதும். இரண்டு மூன்று தொட்டி மட்டும் இருந்தால் இந்தத் தண்ணீரிலேயே காலம் தள்ளிவிடலாம். போர் தண்ணீரைத் தவிர வழியில்லை என்றால் வாரத்தில் இரண்டு நாளாவது ஏசி தண்ணீர் ஊற்றுங்கள், உரத்தையும் கீழே சொல்லும்படி தேர்ந்தெடுங்கள்.

மண்ணைப் பார்க்க ஒரு கை வைத்தியம் உண்டு. ஒரு கரண்டி உலர்ந்த மண்ணைக் கண்ணாடித் தம்ளரில் போட்டு, அதன்மேல் இரண்டு கரண்டி வெள்ளை வினிகர் ஊற்றுங்கள். தம்ளரைக் காதருகே கொண்டுபோங்கள். சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி 'ஸ்ஸ்' என்ற சத்தமும் மேலே நுரைக் குமிழியும் வந்தால் அந்த மண்ணில் சுண்ணாம்பு கலந்திருக்கிறது. அதைத் திருத்தப் பார்க்காதீர்கள், வேறு மண் தேடுங்கள். சத்தம் வரவில்லை என்றால் சுண்ணாம்பு அதிகமில்லை என்று மட்டும்தான் அர்த்தம், மண் புளிப்பானது என்று அர்த்தமில்லை. சரியாகத் தெரிய வேண்டுமானால் ஒரு பங்கு மண்ணை இரண்டரைப் பங்கு ஏசி தண்ணீரில் கலக்கி, அரை மணி நேரம் தெளியவிட்டு, பி.எச். தாளை நனைத்துப் பாருங்கள். குழாய்த் தண்ணீரில் கலக்கினால் தாள் தண்ணீரைப் பற்றித்தான் சொல்லும்.

தொட்டியில் நடுவது

ஜூன், ஜூலையில் முதல் மழைக்குப் பிறகு, அல்லது செப்டம்பரில் நடலாம். ஏப்ரல், மே வேண்டாம். கருப்பு பிளாஸ்டிக் தொட்டியும் பையும் மாடி வெயிலில் வேரை அவித்துவிடும். மண் தொட்டியோ வெளிர் நிறத் தொட்டியோ நல்லது. சிமெண்டுத் தொட்டி இட்லிப்பூவுக்கு ஆகாது, காரணத்தை இனி சொல்ல வேண்டியதில்லை.

12 அங்குலத் தொட்டி ஒன்றுக்குச் சுமார் 16 லிட்டர் கலவை பிடிக்கும்.

சலித்த செம்மண் 6 லிட்டர்
ஊறவைத்து அலசிய தென்னை நார்க்கழிவு 4 லிட்டர்
நன்றாக மக்கிய இலைமக்கு 4 லிட்டர்
ஆற்று மணல் அல்லது பெர்லைட் 2 லிட்டர்
வேப்பம்புண்ணாக்கு 100 கிராம்
நனையும் கந்தகத் தூள் 10 கிராம்

இலைமக்கு கிடைக்காவிட்டால் மண்புழு உரம் போடலாம், ஆனால் 3 லிட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மண்புழு உரமும் தொழுவுரமும் பெரும்பாலும் புளிப்புப் பக்கம் இருப்பதில்லை. தென்னை நார்க்கட்டியில் உப்பு இருக்கும். ஒரு தடவை ஊறவைத்துப் பிழிந்தால் போதாது, மூன்று தடவை புதுத் தண்ணீரில் அலசுங்கள். எலும்புத் தூளைச் சேர்க்காதீர்கள். ரோஜாவுக்கு அது நல்லது, இங்கே அதன் சுண்ணாம்பும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சேர்ந்து இரும்பை முடக்கிவிடும். கடல் மணலில் சிப்பித் தூள் இருக்கும், அதையும் தவிருங்கள்.

கந்தகம் தானாக மண்ணைப் புளிப்பாக்காது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதைத் தின்று அமிலமாக்க வேண்டும். அதற்கு ஈரமும் ஒன்றிரண்டு மாத அவகாசமும் தேவை. போட்ட மறுவாரமே பி.எச். தாளை நீட்டிவிட்டு ஏமாற வேண்டாம்.

நடும் முறை இது:

1. வாங்கி வந்த செடியை ஒரு வாரம் அரை நிழலில் வைத்திருங்கள். உடனே தொட்டி மாற்ற வேண்டாம்.

2. நடும் நாளில் கவரோடு வாளித் தண்ணீரில் கால் மணி நேரம் மூழ்க வையுங்கள். குமிழி வருவது நிற்கும்வரை. களிமண் உருண்டை இப்போது இளகும்.

3. கவரைப் பிளேடால் கிழித்து எடுங்கள். செடியைத் தண்டைப் பிடித்து இழுக்க வேண்டாம். உருண்டையின் வெளிப்பக்கக் களிமண்ணை ஒரு விரற்கடை அளவுக்கு மழுங்கிய குச்சியால் மெதுவாகக் கோதி உதிர்த்துவிடுங்கள். முழுவதையும் கழுவி வேரை அம்மணமாக்கினால் இலை கொட்டும், அப்படியே விட்டால் தண்ணீர் உள்ளே போகாது. மூன்றில் ஒரு பங்கு உதிர்ந்தால் போதும்.

4. அடியில் வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் நான்கு பக்கமும் நேர்கீழாக ஒரு கீறல் போடுங்கள்.

5. தொட்டித் துளைமேல் ஓட்டுச் சில்லு வையுங்கள். செங்கல் ஜல்லியும் பரவாயில்லை, ஆனால் சிமெண்டு ஒட்டிய பழைய செங்கல் கூடாது. மூன்றில் ஒரு பங்கு கலவை போட்டுச் செடியை வையுங்கள். செடியின் பழைய மண்மட்டமும் புது மண்மட்டமும் ஒன்றாக இருக்கட்டும். தண்டு புதைந்தால் அழுகும்.

6. மேலே இரண்டு விரல் இடைவெளி விட்டு நிரப்பி, அடியில் வடியும்வரை தண்ணீர் ஊற்றுங்கள்.

7. பத்து நாள் நிழல், அடுத்த ஒரு வாரம் காலை வெயில், பிறகு முழு வெயில்.

அந்தப் பத்து நாளில் கீழ் இலைகள் நாலைந்து மஞ்சளாகி உதிர்வது சகஜம். பயந்துபோய் உரம் போடாதீர்கள். முதல் உரத்துக்குப் புதுத் தளிர் வரும்வரை பொறுங்கள்.

தரையில் வைப்பவர்களுக்கு

குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஆழமும் அதே. சுவரிலிருந்து மூன்றடி தள்ளித் தோண்டுங்கள். வீடு கட்டியபோது மிச்சமான கலவை, உடைந்த பூச்சு எல்லாம் சுவரோரத்தில்தான் புதைந்து கிடக்கும். வேலிக்காக மதிலோரம் வரிசையாக வைத்த இட்லிப்பூ, மதில் பக்கம் மட்டும் மஞ்சளாகவும் தெருப்பக்கம் பச்சையாகவும் நிற்பதை அடுத்த முறை நடக்கும்போது கவனியுங்கள். குழிமண்ணுக்கு வினிகர்ச் சோதனை செய்து, நுரைத்தால் தரையை மறந்துவிட்டுத் தொட்டிக்கு வந்துவிடுங்கள். வேலியாக வைப்பதானால் உயர ரகத்துக்கு இரண்டரை அடி, குட்டை ரகத்துக்கு ஓரடிக்கு ஒரு செடி.

வெயிலும் தண்ணீரும்

நேரடி வெயில் ஐந்து ஆறு மணி நேரம் வேண்டும். நாலு மணிக்குக் குறைந்தால் இலை பச்சையாய் நன்றாக இருக்கும், பூ இருக்காது. பூக்காத இட்லிப்பூவில் பாதி, வடக்குப் பார்த்த பால்கனியில் இருப்பவை. அதற்கு உரம் தேடி அலைவதில் பயன் இல்லை. மலை ஊர்களில் குளிர் இதற்கு ஒத்துக்கொள்ளாது. பத்து பன்னிரண்டு டிகிரிக்குக் கீழே போனால் இலை கருகி உதிரும்.

தண்ணீருக்கு விரல்தான் அளவுகோல். இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள், மண் ஒட்டாமல் உலர்ந்திருந்தால் ஊற்றுங்கள். 12 அங்குலத் தொட்டிக்கு ஒரு தடவைக்கு இரண்டு லிட்டர், அடியில் கொஞ்சம் வடிய வேண்டும். சித்திரை வெயிலில் தினமும், மற்ற நாளில் ஒன்றுவிட்டு ஒரு நாள். தினம் ஒரு டம்ளர் தெளிப்பதுதான் இருப்பதிலேயே கெட்ட பழக்கம். மேல்மண் மட்டும் நனையும், உப்பு வெளியேறாமல் தங்கும், இலை நுனி பழுப்பாகக் கருகும். மாதம் ஒருமுறை ஏசி தண்ணீரோ மழைநீரோ ஆறு லிட்டரை மெதுவாக ஊற்றி உப்பை வடித்துவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இதற்கு நேர் எதிர். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், தொட்டியை இரண்டு செங்கல்மேல் தூக்கி வையுங்கள். வேர் மூன்று நாள் தண்ணீரில் நின்றால் செடி தண்ணீருக்குள்ளேயே வாடும்.

என்ன உரம், எவ்வளவு

மாதம் ஒருமுறை, 12 அங்குலத் தொட்டிக்கு அம்மோனியம் சல்பேட் 5 கிராம், சல்பேட் ஆஃப் பொட்டாஷ் 3 கிராம். இரண்டையும் இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஏற்கெனவே ஈரமாக இருக்கும் மண்ணில் ஊற்றுங்கள். தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) யூரியா போடாமல் அம்மோனியம் சல்பேட் போடக் காரணம், அது தழைச்சத்தும் தந்து மண்ணையும் புளிப்புப் பக்கம் இழுக்கும். போர் தண்ணீர் ஊற்றுபவர்களுக்கு இது இரட்டை லாபம். டி.ஏ.பி. வேண்டாம், மணிச்சத்து மிதமிஞ்சினால் இரும்பு முடங்கும். ரசாயனம் வேண்டாம் என்பவர்கள் மாதம் இரண்டு கைப்பிடி இலைமக்கும் 50 கிராம் வேப்பம்புண்ணாக்கும் போட்டு, தண்ணீரை மட்டும் நல்லதாகக் கொடுங்கள். பூ கொஞ்சம் குறையும், செடி கெடாது. எந்த வழியானாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கந்தகத் தூள் 5 கிராம் மேல்மண்ணில் கிளறிவிடுங்கள்.

சமையலறைக் குறிப்புகள் பற்றி ஒரு வார்த்தை. முட்டை ஓடு சுண்ணாம்பு. சாம்பல் காரம். இரண்டும் இட்லிப்பூவுக்கு எதிரி. காப்பித்தூள் சக்கை மண்ணைப் புளிப்பாக்கும் என்பார்கள். டிகாஷன் இறங்கும்போதே அமிலமெல்லாம் நம் டம்ளருக்கு வந்துவிடுகிறது, சக்கையில் பெரிதாக எதுவும் மிஞ்சாது. கொஞ்சமாகப் போட்டால் மக்கு, அதிகமானால் மேலே ஆடை கட்டித் தண்ணீரைத் தடுக்கும். எலுமிச்சைச் சாறும் வினிகரும் ஊற்றினால் சில நாளுக்கு வேலை செய்வது உண்மைதான். நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று தீர்த்ததும் மண் பழைய நிலைக்கே திரும்பிவிடும்.

இலை சொல்லும் சேதி

மஞ்சள் என்றால் எல்லாம் ஒரே மஞ்சள் இல்லை. எந்த இலை என்று பாருங்கள்.

நுனி இலைகள் மஞ்சள், நரம்பு பச்சை என்றால் இரும்பு. இதற்கு உடனடி மருந்து அன்னபேதி. உரக்கடையில் பெரஸ் சல்பேட் என்று கேட்டால் கிடைக்கும். வெளிர்பச்சைப் படிகமாக இருக்க வேண்டும். துருப்பிடித்த மாதிரிப் பழுப்பாகி இருந்தால் வாங்காதீர்கள், அது காற்றுப்பட்டுக் கெட்டது. ஒரு லிட்டர் ஏசி தண்ணீரில் முதலில் சிட்ரிக் அமிலம் 1 கிராம், அது கரைந்தபின் அன்னபேதி 5 கிராம். மாலையில் இலையின் இரு பக்கமும் நனையத் தெளியுங்கள். பதினைந்து நாள் இடைவெளியில் மூன்று தடவை. வெயிலில் அடித்தால் இலை கருகும், டைல்ஸில் பட்டால் துருக்கறை போகவே போகாது, தரையில் சாக்கு விரித்துக்கொள்ளுங்கள். கரைசலை அன்றன்றைக்குத் தயாரியுங்கள்.

அன்னபேதியை மண்ணில் கொட்டுவதில் பலனில்லை. கார மண்ணில் விழுந்ததும் துருவாகிவிடும். மண்வழியே கொடுக்க இ.டி.டி.எச்.ஏ. வகை இரும்புதான் உகந்தது. கருஞ்சிவப்புத் தூள், கரைத்தால் தண்ணீர் ரத்தச் சிவப்பாகும். தொட்டிக்கு 2 கிராம், ஒரு லிட்டரில் கரைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை. விலை கூடுதல்தான். கடைக்காரர் மலிவாக மஞ்சள் நிற இ.டி.டி.ஏ. இரும்பை நீட்டுவார். அது தெளிப்புக்கு ஆகும், கார மண்ணில் நிற்காது. மருந்து வேலை செய்கிறதா என்று இரண்டு மூன்று வாரம் கழித்துப் புதுத் தளிரில் பாருங்கள். ஏற்கெனவே வெள்ளையாக வெளுத்த இலை தேறாது, அதை எதிர்பார்க்க வேண்டாம்.

இதையெல்லாம் செய்தும் தளிர் மஞ்சளாகவே வந்தால் செடியைத் தொட்டியிலிருந்து சாய்த்து வேரைப் பாருங்கள். கருத்துக் கொழகொழத்திருந்தால் நீர் தேங்கியிருக்கிறது. வேரில் மிளகு கோத்ததுபோல முடிச்சு முடிச்சாக இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. அந்த மண்ணை வேறு தொட்டிக்குப் போடாதீர்கள். செடி விலை உயர்ந்ததாக இல்லாவிட்டால் அதையும் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

அடி இலைகளுக்கு வருவோம். சீராக முழு மஞ்சள் என்றால் தழைச்சத்துக் குறை. இலை ஓரம் மஞ்சளாகி நடுவில் அம்புபோலப் பச்சை நின்றால் மெக்னீசியம், லிட்டருக்கு 5 கிராம் எப்சம் உப்பைக் கரைத்துத் தெளிக்கலாம். அடி இலையில் ஊதா கலந்த பழுப்புப் புள்ளிகள் வந்தால் பலரும் பூஞ்சை என்று மருந்தடிப்பார்கள். இட்லிப்பூவில் அது பெரும்பாலும் சாம்பல்சத்து (பொட்டாஷ்) குறை. பொட்டாஷைத் தவறாமல் போட்டால் அடுத்து வரும் இலைகள் சுத்தமாக இருக்கும்.

கத்தரிப்பது

பூ எப்போதும் புதுக்கிளையின் நுனியில்தான் வரும். இது தெரியாமல் வாரம் ஒருமுறை பெரிய கத்தரியால் வேலியைச் சமமாக வழித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் மொட்டு வைக்க இருந்த நுனியெல்லாம் குப்பைக்குப் போகிறது. அடுக்குமாடி வளாகங்களில் பச்சைப் பெட்டிபோல வருடம் முழுக்கப் பூவில்லாமல் நிற்கும் இட்லிப்பூ வேலிகளுக்கு இதுதான் காரணம்.

கொத்து வாடியதும், அதற்குக் கீழே இரண்டு ஜோடி இலை விட்டு, இலைக்கணுவுக்கு மேலே கால் அங்குலத்தில் வெட்டுங்கள். அந்தக் கணுவிலிருந்து இரண்டு கிளை கிளம்பும், ஒன்று இருந்த இடத்தில் இரண்டு கொத்து. அடுத்த பூவுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் பிடிக்கும், அதுவரை அந்த நுனியைத் தொடாதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை ஆடி மாதவாக்கில் செடியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கலாம். உள்பக்கம் குறுக்கே ஓடும் கிளை, காய்ந்த குச்சி, ஒல்லியான தளிர் எல்லாவற்றையும் அடியோடு எடுத்துவிடுங்கள். இலையே இல்லாத பழங்கட்டை வரை வெட்ட வேண்டாம், தளிர்க்க ரொம்ப நாளாகும்.

பூச்சிகள்

எறும்பு ஏறுகிறதென்றால் மேலே மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ அசுவினியோ இருக்கிறது. அவை சுரக்கும் தேனுக்குத்தான் எறும்பு வருகிறது, அந்தத் தேன்மேல்தான் கரும்பூசணம் படர்கிறது. முதலில் பீய்ச்சும் தண்ணீரால் இலையின் அடியை அடித்துக் கழுவுங்கள். கொஞ்சமாக இருந்தால் பழைய டூத்பிரஷ் போதும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, பாத்திரம் கழுவும் திரவம் 1 மில்லி, நன்றாகக் குலுக்கி மாலையில் தெளிக்கவும். வாரம் ஒன்றாக மூன்று வாரம். ஒரு தடவையோடு நிறுத்தினால் முட்டையிலிருந்து அடுத்த தலைமுறை வந்துவிடும். பூ விரிந்திருக்கும்போது கொத்தின்மேல் அடிக்காதீர்கள், வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் அங்கேதான் வரும். இலையில் படிந்த கரிக்கு, 50 கிராம் மைதாவை ஒரு லிட்டர் தண்ணீரில் காய்ச்சி ஆறவைத்து வெயில் நாளில் தெளியுங்கள். காய்ந்ததும் பொருக்காகக் கரியோடு உரிந்து விழும்.

ஒன்றிலிருந்து பத்து

ஆடியில் கத்தரித்த குச்சிகளை எறிய வேண்டாம். ரொம்ப இளசும் இல்லாமல் முற்றியதும் இல்லாமல், வளைத்தால் வளைந்து பிறகு ஒடியும் பதத்தில் இருப்பவற்றைப் பொறுக்குங்கள். பூத்த நுனி வேண்டாம். நாலு ஐந்து அங்குல நீளம், மூன்று கணு. அடிவெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். மேலே ஒரு ஜோடி இலை மட்டும் விட்டு அவற்றையும் பாதியாக வெட்டிவிடுங்கள். வேரூக்கி ஐ.பி.ஏ. தூளில் அடிமுனையைத் தொட்டு, பாதி மணலும் பாதி அலசிய தென்னை நாருமாகக் கலந்து, ஒரு கணு புதையும்படி நடுங்கள். அடியை வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து மூடி நிழலில் வையுங்கள். உள்சுவரில் ஆவி படிந்திருந்தால் தண்ணீர் தேவையில்லை.

மூன்றாம் வாரத்தில் தளிர் எட்டிப் பார்க்கும். வேர் வந்துவிட்டது என்று பிடுங்கிப் பார்த்துவிடாதீர்கள், அது குச்சியில் மிச்சமிருந்த சக்தியில் வந்த தளிர். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, மெதுவாக இழுத்தால் பிடித்துக்கொள்கிறதா என்று பார்த்து, பாட்டிலின் மூடியை முதலில் திறந்து, ஒரு வாரம் கழித்துப் பாட்டிலை எடுங்கள். பத்துக் குச்சியில் ஐந்தாறு பிழைத்தால் நல்ல விளைச்சல். பிழைத்ததை 4 அங்குலக் கவருக்கு மாற்றி, முதல் பருவத்தில் வரும் மொட்டைக் கிள்ளிவிடுங்கள். கிள்ளாமல் விட்டால் ஒற்றைக் குச்சியின் உச்சியில் ஒரு கொத்துப் பூத்து, செடி படராமல் அப்படியே நின்றுவிடும்.